சேர்ந்து வரும் சொற்கள்

அத்தியாயம் 9

திலகாவின் மூச்சு நின்று பதினான்கு நாளும் மூன்று மணி நேரமும் ஆகியிருந்தன. அந்தக் கணக்கை மகள் துளசி மனதுக்குள்ளேயே வைத்திருந்தாள். யாரிடமும் சொல்லக்கூடாது என்பது அண்ணனின் உத்தரவு.

புக்கிட் ரோத்தான் வீட்டில் அந்த விஷயம் தெரியாத ஒரே ஆள் திலகாவின் கணவர் அழகேசன்தான்.

எல்லாமே நான்கு நாளுக்குள் நடந்து முடிந்திருந்தது. முதலில் அப்பாவுக்குப் பக்கவாதம். வலது கையும் காலும் விழுந்து, பேச்சும் போய், மருத்துவமனைக் கட்டிலில் கிடந்தார். நான்காம் நாள் காலை ஆறரைக்கு, அவருக்கு எடுத்துப்போகக் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்த அம்மா அடுப்படியிலேயே சாய்ந்தாள். மாரடைப்பு என்றார்கள். ஒரு தலைவலி என்றுகூட அவள் சொல்லிக் கேட்டதில்லையே என்று பிள்ளைகள் இருவரும் திகைத்து நின்றார்கள்.

மறுநாள் அப்பா தெளிந்து கண் திறந்தபோது கதவைத்தான் பார்த்தார்.

"கெர்லிங்ல நவமணி சித்தி வழுக்கி விழுந்துட்டாங்கப்பா. அம்மா அங்க இருந்து பார்த்துக்கிறாங்க" என்று லிங்கேஸ்வரன் சொல்லிவிட்டான்.

ரத்த அழுத்தம் ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு அண்ணன் கட்டிய பொய் அது. கட்டிய நாளிலிருந்து அதற்குத் தினமும் சோறு போடவேண்டியிருந்தது.

நாளை பதினாறாம் நாள் காரியம். ரவாங்கில், அண்ணனின் புது வீட்டில். அம்மாவின் படம், மாலை, அணையாத விளக்கு எல்லாமே அங்கேதான் இருந்தன. அம்மா முப்பது வருஷம் கூட்டிப் பெருக்கிய இந்த வீட்டில் அப்படி ஒன்றும் இல்லை.

"அப்பாவும் வரணும்ணே" என்றாள் துளசி. அடுப்படியில் நின்று மைலோ கலக்கிக்கொண்டிருந்தாள். சத்தம் கூடத்துக்குப் போகாமல் பேசினாள்.

"எத்தன தடவ லா சொல்றது உனக்கு?" லிங்கேஸ்வரன் கார் சாவியை விரலில் சுற்றிக்கொண்டு நின்றான். ரவாங்கிலிருந்து விடியற்காலையிலேயே வந்திருந்தான். "அவரு பிரஷர் எவ்ளோன்னு நீதான எழுதி வைக்கிற? இன்னொரு அட்டாக் வந்தா யாரு பொறுப்பு?"

"அவரு பொண்டாட்டி காரியம்ணே. அவரு இல்லாம எப்படி?"

"அவரு உசிரு முக்கியமா, காரியம் முக்கியமா? ஒரு மாசம் போவட்டும். கொஞ்சம் நடக்க ஆரம்பிச்சதும் நானே உக்கார வச்சு அந்த விஷயத்தச் சொல்றேன். நாளைக்குச் செல்லன் மாமா வந்து அவரப் பார்த்துக்குவாரு. நீ ஏழு மணிக்குக் கிளம்பி நில்லு."

அந்த விஷயம். பதினான்கு நாளாக வீட்டில் யாரும் அதற்கு வேறு பெயர் சொல்லவில்லை.

துளசி மைலோவையே கலக்கிக்கொண்டிருந்தாள். ரவாங் தொழிற்சாலையின் ஆய்வுக்கூடத்தில் அவள் வேறு ஆள். ஒரு பீப்பாய் சரக்கு கெட்டிருந்தால் கெட்டது என்று எழுதிக் கையெழுத்துப் போடுவாள், மேனேஜர் வந்து நின்றாலும் மாற்றமாட்டாள். வீட்டில் அண்ணன் குரல் கொஞ்சம் ஏறினாலே அவள் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

"இரு, இப்ப ஒண்ணு பண்றேன்" என்று அவன் கைப்பேசியை எடுத்தான். "சித்தியப் பேசச் சொல்லியிருக்கேன். அச்சு அசல் அம்மா குரலு. கேட்டா அவருக்கும் மனசு ஆறும்."

"அண்ணே, வேணாம்."

அவன் அதற்குள் கூடத்துக்குப் போய்விட்டான்.

அழகேசன் சன்னலோரக் கட்டிலில் தலையணைகளில் சாய்ந்திருந்தார். வெளியே எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக்குலை ஏற்றிய லோரி ஒன்று போய்க்கொண்டிருந்தது. லிங்கேஸ்வரன் கைப்பேசியை அவர் காதருகே பிடித்தான்.

"அம்மாப்பா. பேசுங்க."

"என்னாங்க..." என்றது கைப்பேசி. "சாப்பிட்டீங்களா?"

சித்தி என்று தெரிந்திருந்தும் துளசியால் ஒரு கணம் நம்பாமல் இருக்க முடியவில்லை. அதே இழுப்பு, 'சாப்பிட்டீங்களா'வில் அதே இறக்கம்.

அழகேசனின் இடது கை பாய்ந்து வந்து கைப்பேசியைப் பிடித்துக்கொண்டது. வாயின் ஒரு பாதி அசைந்தது, மறு பாதி வரவில்லை.

"நோ" என்றார். "நோ... புட் ஆஃப். நோ... புட் ஆஃப்."

"என்னா சொல்றீங்க? வெளங்கலையே..."

"புட் ஆஃப்... புட் ஆஃப்..." கழுத்து நரம்பு புடைத்தது. கண்ணில் நீர் கட்டிக்கொண்டது. கெஞ்சுகிறார் என்பதற்கு மொழி வேண்டியிருக்கவில்லை.

அந்தப் பக்கம் ஒரு விசும்பல் கேட்டது. "அப்புறம் பேசறேங்க" என்று சித்தி வைத்துவிட்டாள்.

லிங்கேஸ்வரன் வாசலுக்கு வந்து முகத்தைத் துடைத்துக்கொண்டான். "பார்த்தியா, பேசினதும் எவ்ளோ சந்தோஷம் அவருக்கு."

"அது சந்தோஷம் இல்லண்ணே. ஏதோ சொல்ல வர்றாரு. ஆஸ்பத்திரியில இருந்தே அந்த ஒரே வார்த்தையத்தான் சொல்லிக்கிட்டு இருக்காரு."

"தள்ளிப்போடாதேன்னு சொல்றாரு. எதத் தள்ளிப்போடுறது? ஆபீஸ் நெனப்பு லா. முப்பத்திநாலு வருஷம் கிராணி வேலை. வீட்டு விஷயமா இருந்தா தமிழ்ல வந்திருக்கும்."

துளசிக்கும் அது சரியாகத்தான் பட்டிருந்தது. அப்பாவின் ஆங்கிலம் செம்பனைத் தோட்டத்து ஆபீஸில் குமாஸ்தா வேலையோடு சரி. வாசலில் செருப்போடு கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே வருவார். அம்மாவிடம் ஒரு வார்த்தை ஆங்கிலம் பேசியதில்லை, பேசினால் அம்மா சிரிப்பாள்.

கார் கிளம்பிப் போனது.

பத்தரை மணிக்குப் பக்கத்து வீட்டுச் செல்லன் இரண்டு இளநீரோடு வந்தார். அதே தோட்டத்தில் லோரி ஓட்டியவர்.

"என்னா கிராணியாரே, இன்னிக்காச்சும் என்னத் திட்டுவீங்களா?" என்று கட்டிலருகே உட்கார்ந்தார். "துளசி, உங்கப்பா பேசாம இருக்கிறது எங்களுக்கெல்லாம் எவ்ளோ நிம்மதி தெரியுமா? அந்தக் காலத்துல பத்து நிமிஷம் லேட்டா லோரிய எடுத்தா ஒரு லெட்டர் அடிச்சிருவாரு. எனக்குப் படிக்கத் தெரியாது. அதையும் அவரேதான் படிச்சுக் காட்டுவாரு."

அழகேசனின் பாதி வாய் சிரித்தது.

இளநீரைக் கொடுத்து முடித்துச் செல்லன் அடுப்படிப் பக்கம் வந்தார். முகத்தில் சிரிப்பு இல்லை.

"நாளைக்கு நான் இருக்கேன் தாயி. அதுல ஒண்ணுமில்ல. ஆனா அவரு என் மூஞ்சியப் பார்த்து, திலகா எங்கன்னு கண்ணால கேட்டா நான் என்னா சொல்ல? லிங்கா சொன்னதச் சொல்ல எனக்கு வாய் வராது. அதுக்கு முன்னாடி நீங்க ஏதாவது பண்ணுங்க."

அவர் போன பிறகு துளசி இளநீர் குடித்த டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள். நாளை காலை ஏழு மணி. அதற்குள் சொல்லாவிட்டால் மனைவியின் காரியத்தன்று அப்பா இந்தச் சன்னலோரத்தில் உட்கார்ந்து லோரிகளைப் பார்த்துக்கொண்டிருப்பார். பிறகு ஒருநாள் தெரிய வரும்போது அதையும் சேர்த்து அவர் தாங்கவேண்டியிருக்கும்.

பதினொரு மணி பேச்சுப் பயிற்சி நேரம். துளசி அட்டைக் கட்டை எடுத்துக்கொண்டு கட்டிலருகே முக்காலியில் உட்கார்ந்தாள்.

அட்டைகளைக் கொடுத்தவள் மருத்துவமனைப் பேச்சுப் பயிற்சியாளர் நித்தியா. அப்பாவிடம் அரை மணி நேரம் பேசிப் பார்த்துவிட்டு அவள் சொன்னாள்: "இவருக்குத் தமிழ் உள்ளதான் இருக்கு, ஆனா வெளிய வர வழி அடைச்சிருக்கு. இங்கிலீஷ்ல பழக்கமான துண்டுகள் மட்டும் தப்பிச்சிருக்கு. தனிச் சொல் கேட்டா கிடைக்காது. சேர்ந்தே பழகின சொல்லு சேர்ந்தே வரும். ஒண்ணு தலைய நீட்டினா மத்தது பின்னாலயே வந்துடும்."

அன்றாட ஆங்கிலத்தில் அப்படிப்பட்டவை நிறைய உண்டாம். ஒரு வினைச்சொல், அதன் பின்னால் வால் மாதிரி ஒரு குட்டிச் சொல், அப்புறம் அந்த இரண்டோடும் எப்போதும் கைகோத்து நடக்கும் ஒரு பெயர்ச்சொல்லோ, எப்படிப்பட்டது என்று சொல்லும் சொல்லோ. வினையை நாம் எடுத்துக் கொடுத்தால் கூட்டாளியை அவர் கொண்டுவருவார். அட்டையின் முன்பக்கம் வினை. பின்பக்கம் கூட்டாளி.

"டர்ன் டவுன்" என்றாள் துளசி. அட்டையின் பின்னால் 'வால்யூம்' என்று இருந்தது. ரேடியோ சத்தத்தைக் குறைப்பது.

"அப்ளிகேஷன்" என்றார் அழகேசன். விண்ணப்பத்தை நிராகரிப்பது.

"பிரேக் டவுன்."

"டிராக்டர்." பழுதாகி நின்றுபோவது. அட்டையில் கார்.

"ரன் அவுட் ஆஃப்." அட்டையில் பால் தீர்ந்திருந்தது. அப்பாவுக்குத் தீர்ந்தது உரம். "ஃபெர்டிலைசர்."

"லே ஆஃப்."

"ஓல்ட்... வொர்க்கர்ஸ்." வயசான ஆட்களை நிறுத்துவது. அட்டையில் 'வொர்க்கர்ஸ்' மட்டும்தான். 'ஓல்ட்' அவரே சேர்த்தது. சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் சன்னலைப் பார்த்தார்.

அட்டை எழுதியவளின் சொற்கள் பட்டணத்தில் குடியிருந்தன. அப்பாவின் சொற்கள் இன்னும் தோட்டத்திலேயே இருந்தன. தப்பு என்று சொல்லத் துளசிக்கு மனம் வரவில்லை. எல்லாவற்றுக்கும் சரி போட்டாள்.

"டர்ன் அவுட்." அட்டையில் 'நைஸ்' என்று இருந்தது, நன்றாக அமைவது.

"ஃபால்ஸ்" என்றார் அப்பா. விசாரித்துப் பார்த்ததில் பொய் என்று தெரிந்தது. ஆபீஸில் எத்தனை புகார்களுக்கு அப்படி எழுதியிருப்பார். அவர் அவளைப் பார்த்துச் சொல்லவில்லை. ஆனாலும் துளசி அட்டையைக் கீழே வைத்துத் தலையைக் குனிந்துகொண்டாள்.

அந்த அட்டைகளில் ஒன்றை மட்டும் அவள் ஐந்து நாளாக அடியில் ஒளித்துவைத்திருந்தாள். அதை எடுத்தால் அவர் கட்டிலை அறைவார், அழுத்தம் ஏறும். காலையில் கைப்பேசியிடம் கெஞ்சிய முகம் நினைவுக்கு வந்தது. உருவி எடுத்தாள்.

"புட் ஆஃப்."

அழகேசன் நிமிர்ந்தார். "புட் ஆஃப்" என்றார். "நோ... புட் ஆஃப்."

"எதப்பா தள்ளிப்போடக்கூடாது? மீட்டிங்?"

தலையாட்டினார். இல்லை.

"பயணமா? என் கல்யாணப் பேச்சா?"

இல்லை, இல்லை. இடது கை கட்டிலை அறைந்தது. வாய் திறந்து, காற்று மட்டும் வந்து, மூடியது. சொல் அவருக்குத் தெரிந்திருந்தது. தொண்டைக்குக் கீழே எங்கோ அது நின்றது.

துளசி அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள். யோசித்தாள். ஒரு சொல் போதவில்லை என்றால் அதற்கு முன்னால் இன்னும் நீளமாக ஓடுதளம் வேண்டும். அப்பா எங்கிருந்து ஓடித் தொடங்குவார்?

சிறு வயதில் பள்ளி விட்டதும் சில நாள் ஆபீஸ் பெஞ்சில் அவள் காத்திருப்பாள். அப்பா நடந்துகொண்டே கடிதம் சொல்லுவார், டைப்பிஸ்ட் தலை நிமிராமல் அடிப்பார். நடுவில் யாராவது கூப்பிட்டுவிட்டால் விட்ட இடத்திலிருந்து தொடர அப்பாவுக்கு வராது. மறுபடியும் முதலிலிருந்துதான்.

அவள் ஒரு தாளும் பேனாவும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். டைப்பிஸ்ட் மாதிரியே தலையைக் குனிந்துகொண்டாள்.

"டியர் சார்" என்றாள்.

கட்டிலில் ஒரு அசைவு. அழகேசன் தலையணையிலிருந்து முதுகை எடுத்து நேராக உட்கார முயன்றார். கண்களைப் பாதி மூடினார்.

"வித் ரெஃபரன்ஸ்..." என்றார். "வித் ரெஃபரன்ஸ் டு த அபவ்..."

துளசி எழுதினாள். நிமிரவில்லை.

"ஐ வுட் பி... கிரேட்ஃபுல்... இஃப் யூ குட்... கைண்ட்லி... புட் ஆஃப்..."

அவள் 'புட் ஆஃப்' என்று எழுதிக் காத்திருந்தாள்.

"...த ஹார்ட் ஆபரேஷன்... ஆஃப் மை வைஃப்... டு எ லேட்டர் டேட்."

வாக்கியம் முழுதாக வந்து முடிந்தது. என் மனைவியின் இருதய அறுவை சிகிச்சையைப் பின்னொரு தேதிக்குத் தள்ளிவைத்தால் நன்றியுடையவனாக இருப்பேன்.

துளசியின் பேனா தாளில் ஒரே இடத்தில் நின்று மை கசிந்தது.

"யாருக்குப்பா? அம்மாவுக்கா?"

"மை வைஃப்" என்றார் அழகேசன். பிறகு, பக்கவாதம் வந்த நாளிலிருந்து வராத பெயர் வந்தது. "திலகா."

மாதம் ஒருமுறை அம்மாவும் அப்பாவும் காரில் கிளம்பிப் போவார்கள். கேட்டால் கிள்ளானுக்குச் சாமான் வாங்க என்பாள் அம்மா. திரும்பி வரும்போது ஒரு கீரைக்கட்டு மட்டும் இருக்கும்.

"ஏம்ப்பா தள்ளிப்போடச் சொன்னீங்க?"

அவர் தேடினார். கிடைத்தது. "மூவ் இன்" என்றார். "மூவ் இன்... நியூ ஹவுஸ். லிங்கா."

புது வீட்டுக்குக் குடிபோவது. அண்ணனின் ரவாங் வீடு. போன மாதம் அம்மாதான் அங்கே முதல் பால் காய்ச்சினாள். எம்புள்ள வீட்டு அடுப்ப நான்தான் பத்த வைப்பேன் என்று பிடிவாதமாகச் சொன்னாள். நூறு பேருக்குச் சமையலை அவளே நின்று பார்த்தாள். மத்தியானம் மாடிப்படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். துளசி ஐஸ் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். வெயிலுதான்டி, வேற ஒண்ணுமில்ல என்றாள்.

"எங்ககிட்ட ஏம்ப்பா சொல்லல?"

அழகேசன் இடது கைச் சுட்டுவிரலை உதட்டில் வைத்தார். பிறகு அதே விரலால், இல்லாத ஒருத்தியைக் காட்டுவதுபோல அடுப்படியைக் காட்டினார். அவள் சொல்லக்கூடாது என்றாள்.

அப்புறம் சுவரைக் காட்டினார். நாட்காட்டி. துளசி அதைக் கழற்றிக்கொண்டு வந்தாள். அவர் விரல் கட்டங்களின் மேல் மெதுவாக நகர்ந்து ஒரு கட்டத்தில் நின்றது. வரும் திங்கட்கிழமை. பென்சிலால் மெல்லிய ஒரு வட்டம், உற்றுப் பார்த்தால்தான் தெரியும். தள்ளிவைத்த தேதி.

இன்று புதன். இன்னும் ஐந்து நாள் இருந்தது.

இதைத்தான் அவர் கண் திறந்த நாளிலிருந்து சொல்ல முயன்றுகொண்டிருந்தார். இதைத்தான் சித்தியின் குரலிடம் காலையில் கெஞ்சினார். எனக்காகவும் தங்கச்சிக்காகவும் அலைந்துகொண்டு மறுபடியும் தள்ளிப்போட்டுவிடாதே. ஆங்கிலத்தில் வந்தால் அது ஆபீஸ் விஷயம் என்று பிள்ளைகள் இருவரும் முடிவுகட்டியிருந்தார்கள். அம்மாவின் இருதய நோய் இந்த வீட்டில் அப்பா ஆஸ்பத்திரிக்கு எழுதிய ஆங்கிலக் கடிதங்களில்தான் இருந்தது என்பது அவர்களுக்குத் தெரியவில்லை.

"நோ புட் ஆஃப்" என்றார் அழகேசன். இப்போது கட்டிலை அறையவில்லை. நிதானமாகச் சொன்னார். பிறகு உதடு வேறு மாதிரி குவிந்தது. நெற்றி சுருங்கியது.

"அம்மாவ..." என்றார்.

தமிழ்.

"அம்மாவ... கூட்டிட்டுப் போ."

சொல்லிவிட்டுத் தலையணையில் சாய்ந்துகொண்டார். முகம் தளர்ந்தது. கடிதத்தில் கையெழுத்துப் போட்டுத் தபாலுக்குக் கொடுத்துவிட்டவரின் நிம்மதி அது. தன் வேலையை முடித்துவிட்டார். இனி துளசி கைப்பேசியை எடுத்துக் கெர்லிங்குக்குப் பேசவேண்டியதுதான் பாக்கி. அதற்காக அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மேசையில் கைப்பேசி அடித்தது. அண்ணன். புது வீட்டில் பந்தல் போட்டுக்கொண்டிருப்பான். அவன் வீட்டில் பால் காய்ச்சத்தான் அம்மா அறுவை சிகிச்சையைத் தள்ளிவைத்தாள் என்பதை அவனிடம் யார் சொல்வது, எப்படிச் சொல்வது என்று துளசிக்குத் தெரியவில்லை. அடித்து ஓயும்வரை விட்டாள்.

எழுந்து ரத்த அழுத்தக் கருவியைக் கொண்டுவந்தாள். அழகேசன் வழக்கம்போல் இடது கையை நீட்டிக் கொடுத்தார். பட்டை இறுகித் தளர்ந்தது. நூற்று நாற்பத்திரண்டு, எண்பத்தாறு. காலையில் இருந்ததைவிடக் குறைவு. சொல்லவந்ததைச் சொல்லிவிட்டதால் குறைந்திருந்தது. மத்தியான மாத்திரையை அவர் நாக்கில் வைத்துத் தண்ணீர் கொடுத்தாள். விழுங்கும்வரை பார்த்தாள். எண்ணை நோட்டில் எழுதி, நேரம் போட்டாள்.

பட்டையைக் கழற்றிய பிறகும் கையை விடவில்லை. முக்காலியை இன்னும் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"அப்பா" என்றாள். நாக்கு ஒட்டிக்கொண்டது. எச்சில் விழுங்கினாள். "கூட்டிட்டுப் போக முடியாதுப்பா."

அவர் புருவம் ஏறியது. ஏன் என்று கேட்டது.

"அம்மா கெர்லிங்ல இல்லப்பா. காலையில பேசினது சித்தி. நீங்க ஆஸ்பத்திரியில இருந்தப்பவே, இங்க, அடுப்படியில, உங்களுக்குக் கஞ்சி காய்ச்சிக்கிட்டு இருக்கும்போது, அம்மா இறந்துட்டாங்க."